ஓர் உயிரைக் காணப் போதிய நேரம்

சிங்கவரத்தை அடுத்த திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களின், அதாவது சமணம் போற்றும் அருளாளர்களின், உருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைக் கூறும் நிசீதிகைக் கல்வெட்டும், அதாவது அவ்வாறு இறந்தோரின் நினைவிடத்தைக் குறிக்கும் கல்வெட்டும், அங்கு உள்ளது. காலத்தை அறத்தின் அளவாகக் கொண்ட இம்மரபின் அருகில் வாழ்வோர், ஏறத்தாழ 600 ஹெக்டேர் பரப்புள்ள வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செல்லும்போது எத்தனை மணி நேரம் ஒதுக்குவது என்று கேட்பது, பயணத் திட்டத்தைக் கடந்த கேள்வியாகும்.

விலங்குகளின் எண்ணிக்கையால் நேரத்தை வகுக்கும் வழக்கம், பார்ப்பவரின் காலத்தை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சமணமோ ஒவ்வோர் உடலிலும் சீவன், அதாவது அறியும் தன்மையுள்ள உயிர், இருப்பதாகக் கொள்வதால், நண்பகல் வெப்பத்தில் நிழலில் படுத்திருக்கும் புலியின் ஓய்வுக்கும் அதன் பார்வையில் உரிமை உண்டு. அதை எழுப்பக் கூச்சலிடுவது, கல்லெறியாவிட்டாலும், இம்சையே.

விருப்பு வெறுப்பின்றி 48 நிமிடம் அமர்ந்திருக்கும் சாமாயிகம் என்னும் நோன்பு இல்லறத்தாருக்கும் உரியது. அந்த அளவை ஒரே அடைப்பிடத்தின் முன் செலவிடுபவர், பிற பகுதிகளைக் காணாது திரும்ப நேர்ந்தாலும், இழப்பதைவிடப் பெறுவதே மிகுதி என்று துணிந்து கூறலாம். ஆயினும், அடைப்புக்குள் ஓர் உயிரை வைத்திருப்பது தகுமா என்னும் மூத்த கேள்வியை, எவ்வளவு நீண்ட, எவ்வளவு அமைதியான பார்வையும் தீர்த்துவிடுவதில்லை.