விடுதிக்கு விலை வைத்தல்

ஓட்டல் என்றதும் நம்மில் பலருக்கு இட்லியும் சாம்பாருமே நினைவுக்கு வரும். முதலீட்டாளர் அச்சொல்லைச் சொல்லும்போது, அறைகளை வாடகைக்கு விடும் பெருவிடுதியை, வாங்கி விற்பதற்குரிய ஒரு சொத்தாகக் கருதுகிறார். அதற்கு எவ்வாறு விலை வைக்கிறார்கள் என்பது வணிகர்க்கு மட்டுமே உரிய செய்தி போலத் தோன்றலாம். சற்று உள்ளே நுழைந்து பார்த்தால் அங்கே ஓர் அறக்கேள்வியும் காத்திருக்கிறது.

வீட்டுக்கு விலை மதிப்பது எளிது. மண்ணுக்கு இவ்வளவு, கட்டடத்துக்கு இவ்வளவு, பக்கத்துத் தெருவில் அண்மையில் போன விலை இவ்வளவு என்று கூட்டிக் கழித்துவிடலாம். விடுதிக்கும் இவ்வழிகள் உண்டு. எனினும் அதனை வாங்குவோர் பெரிதும் நம்புவது அது ஈட்டும் வருமானத்தையே. கடைக்கோ அலுவலகத்துக்கோ பல ஆண்டு வாடகை ஒப்பந்தம் இருக்கும். விடுதி அறையை ஒவ்வோர் இரவும் புதிதாக விற்றாக வேண்டும். இன்றிரவு விலைபோகாத அறையை நாளைக்கென்று சேர்த்துவைக்க இயலாது. மாலைச் சந்தையில் மிஞ்சிய மீன் போன்றது அது. 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது விடுதிகள் வெறிச்சோடின. ஒரு செங்கல்லும் பெயரவில்லை. மதிப்பு மட்டும் சரிந்தது.

நூறு அறைகள் கொண்ட ஒரு விடுதியைக் கற்பனை செய்துகொள்வோம். நாள்தோறும் சராசரியாக அறுபது அறைகள் நிரம்புகின்றன. அறைக்கு நாள் வாடகை 4,000 ரூபாய். அறைகளால் மட்டும் ஆண்டுக்கு 8 கோடியே 76 லட்சம் வரும். உணவுக்கூடத்தின் வரவையும் சேர்த்து, சம்பளம், மின்சாரம், வரி, நிர்வாகக் கட்டணம், தளவாடங்களைப் புதுப்பிக்க ஒதுக்கும் தொகை எல்லாம் கழிந்தபின் 3 கோடி மிஞ்சுவதாகக் கொள்வோம். போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து எதிர்பார்க்கும் ஒருவர் அவ்விடுதிக்கு 30 கோடி தருவார்.

இப்போது உரிமையாளர், விற்பதற்கு முந்தைய ஆண்டில், துப்புரவுப் பெண்கள் சிலரை நிறுத்திவிட்டு எஞ்சியோர் தலையில் அவர்களது வேலையையும் சுமத்துகிறார். ஆண்டுக்கு 12 லட்சம் மிச்சம். விற்பனை விலையிலோ அது 1 கோடியே 20 லட்சமாக ஏறுகிறது! கூலியைக் குறைக்கும் ஆசை எந்தத் தொழிலிலும் உண்டு. இங்கே அந்த ஆசைக்குப் பத்து மடங்கு பரிசும் கிடைக்கிறது.

மின்விளக்குகளை மாற்றி 12 லட்சம் சேமித்தாலும் விலை இவ்வாறே ஏறுமன்றோ என்று கேட்கலாம். ஏறும். அச்சேமிப்பு யாருடைய முதுகிலிருந்தும் எடுக்கப்பட்டதன்று. கணக்கோ இரண்டையும் ஒன்றாகவே காண்கிறது. நேர்மையான மதிப்பீட்டாளர் இதற்கு ஒரு தடை வைத்திருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். உரிமையாளர் காட்டும் செலவை அப்படியே ஏற்காமல், அதே தரமுள்ள பிற விடுதிகளின் வழக்கமான செலவைக் கொண்டு அவர் கணக்கிடுவார். நல்ல முறைதான். ஆனால் வட்டாரம் முழுவதுமே கூலி குறைவாயிருந்தால் என்ன செய்வது? அப்போது அநீதியே வழக்கமாகிவிடும். நியாயமான கூலி கொடுப்பவர் நிர்வாகம் தெரியாதவராகக் காட்சியளிப்பார்.

விலை உடைய பொருளுக்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம், மனிதனுக்கு அவ்வாறு ஈடில்லை, அவனுக்குரியது மாண்பு என்று 1785-இல் வெளிவந்த தம் அறநூலில் கான்ட் வாதிட்டார். அறைக்கு விலை வைப்பதில் தவறில்லை. மாண்பைக் கணக்கேட்டில் எழுதும்படி நான் கேட்கவுமில்லை. ஆயினும் பணியாளரின் நிலையைக் கணக்கேட்டுக்குள் கொண்டுவர ஒரு வழி உண்டு. அதற்கு நியூயார்க் நகரின் வால்டார்ஃப் அஸ்டோரியா சான்று.

1931-இல் பார்க் அவென்யூவில் திறக்கப்பட்ட அவ்விடுதியை, ஏறத்தாழ 1,400 அறைகளோடு, ஹில்டன் நிறுவனம் 2015-இல் சீனாவின் அன்பாங் காப்பீட்டு நிறுவனத்துக்கு 195 கோடி டாலருக்கு விற்றது. அறை ஒன்றுக்கு ஏறக்குறைய 14 லட்சம் டாலர்! இரவு வாடகையை மட்டும் நம்பிக் கொடுக்கும் விலையாக அது எனக்குத் தோன்றவில்லை. எந்தப் பயன்பாட்டில் ஓர் இடம் மிகுந்த விலை பெறுமோ அதனைக் கொண்டே அதை மதிப்பிடுவது இத்துறையின் கொள்கை. 2017-இல் விடுதி மூடப்பட்டு, பெரும்பகுதி விற்பனைக்குரிய குடியிருப்புகளாக மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டே அன்பாங்கைச் சீன அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 2025-இல் கதவு மீண்டும் திறந்தபோது விடுதி அறைகள் 375 மட்டுமே.

வேலை இழந்தோர் வெறுங்கையோடு போகவில்லை. தொழிற்சங்கம் பேசி அவர்களுக்கு விலகல் தொகை பெற்றுத் தந்தது. அதனால் அவர்களும் செலவுக் கணக்கில் ஓர் எண்ணாக இடம்பெற்றார்கள். சங்கமோ எழுத்தில் ஒப்பந்தமோ இல்லாமல் துடைப்பம் ஏந்துவோருக்கு அந்த இடமும் இல்லை. விடுதி நிறுவனப் பங்குகளில் பணம் போடும் அன்பர் எவரேனும் இதனைப் படித்தால், எத்தனை விழுக்காடு அறைகள் நிரம்பின என்று பார்த்தபின், ஒரு பெண் ஒரு நாளில் எத்தனை அறைகளைக் கூட்டித் துடைக்கிறார் என்றும் அந்நிறுவனத்தைக் கேட்கலாம்.