எண்ணெய்ப் பாத்திரமும் கடன் சீட்டும்



சென்ற மாதம் ஓர் இரவு, செபமாலை முடிந்து கோயில் கதவைச் சாத்தும் வேளையில், ஒரு குடும்பத் தாய் என்னிடம் வந்து, "சாமி, ஒரு பூசை வைக்கவேண்டும்" என்றாள். என்ன கருத்துக்காக என்று கேட்டேன். வெகுநேரம் தலைகுனிந்து நின்றுவிட்டு, "தண்டல்காரர் மனசு இளகவேண்டும் என்று, சாமி" என்றாள். பூசைக் காணிக்கைக்கென்று அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணமும் பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கினதென்று பிறகு அறிந்தேன். அவளுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவள் யாரென்று தேடவேண்டாம். இந்தக் கடற்கரைப் பங்கில் எந்தத் தெருவில் தேடினாலும் அப்படி ஒருத்தி அகப்படுவாள்.

வேதாகமத்தில், இராஜாக்கள் ஆகமத்திலே, இதே துக்கத்தோடு வந்த ஒரு விதவையைப் பற்றி வாசிக்கிறோம். அவள் புருஷன் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன். சர்வேசுரனுக்குப் பயந்து நடந்தவன். ஆயினும் கடன் வைத்துவிட்டு இறந்துபோனான். கடன் கொடுத்தவன் வந்து, பணத்துக்கு ஈடாக அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போகப்பார்க்கிறான். அவள் எலிசேயு தீர்க்கதரிசியிடம் ஓடிவந்து முறையிடுகிறாள்.

இறந்துபோனவன் தெய்வ பயமுள்ளவன் என்று வேதமே சொல்லுகிறதை முதலாவது கவனியுங்கள். கடன்பட்டவனெல்லாம் ஊதாரி, குடிகாரன் என்று வாய்கூசாமல் பேசுகிறவர்கள் நம்மில் உண்டு. வியாதியினாலும், வலை அறுந்ததினாலும், மீன் படாத மாதங்களினாலும் கடன் ஏறின வீடுகள் எனக்குத் தெரியும். கடன் பட்டது பாவமல்ல. அதை மறைத்து மறைத்து, ஒன்றை அடைக்க வேறொன்றை வாங்கி, கடைசியில் பெண்சாதிக்கும் புருஷனுக்கும் நடுவில் பொய் வந்து உட்காருகிறதே, அங்கேதான் ஆத்துமத்துக்குக் கேடு தொடங்குகிறது.

எலிசேயு என்ன செய்தார்? பணம் கொடுக்கவில்லை. கடன்காரனைச் சபிக்கவுமில்லை. "உன் வீட்டில் என்ன இருக்கிறது?" என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்டார். கொஞ்சம் எண்ணெயைத் தவிர ஒன்றுமில்லை என்றாள். அண்டை அயலாரிடம் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கச் சொன்னார். அவள் பணத்தையல்ல, பாத்திரத்தைத்தான் இரவல் வாங்கினாள் என்பது நினைவிலிருக்கட்டும். பிறகு, பிள்ளைகளோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஊற்றச் சொன்னார். பிள்ளைகள் பாத்திரத்தை எடுத்துக் கொடுக்க, தாய் ஊற்றினாள். எண்ணெய் பெருகினது ஆண்டவருடைய புதுமை. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததெல்லாம், வீட்டிலுள்ளதைக் கணக்குப் பார்த்ததும், குடும்பம் முழுதும் சேர்ந்து உழைத்ததும், அந்தக் குடும்பத்தின் வேலை. எண்ணெயை விற்று முதலில் கடனை அடை, மீதியைக்கொண்டு நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்று தீர்க்கதரிசி சொன்ன வரிசையையும் பாருங்கள்.

நம்முடைய வீடுகளில் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். கடன் எவ்வளவு என்று ஒரு குடும்பத் தலைவனைக் கேட்டால், "கொஞ்சம் இருக்கிறது, சாமி" என்பார். மனைவியைத் தனியே கேட்டால் அவளும் "கொஞ்சம்" என்பாள். அவர் அறியாத கொஞ்சம் அவளிடமும், அவள் அறியாத கொஞ்சம் அவரிடமும் இருக்கும். ஆகையால் இன்று இரவே ஒரு தாளை எடுத்து இருவரும் சேர்ந்து எழுதுங்கள். யாரிடம், எவ்வளவு, மாதம் என்ன வட்டி, எது அடகில் கிடக்கிறது என்று ஒன்றும் விடாமல் எழுதுங்கள். கைப்பேசியில் ஒரு நிமிஷத்தில் வாங்கின கடனையும் எழுதுங்கள். அந்தக் கடன்காரர்களில் சிலர், தவணை தவறினால் உங்கள் கைப்பேசியிலுள்ள உறவினர் எல்லாருக்கும் செய்தி அனுப்பி மானத்தை வாங்குகிறார்கள் என்று வாலிபர்கள் வந்து அழுகிறார்கள்.

எழுதினபிறகு வட்டிக் கணக்கைப் பாருங்கள். ரூபாய்க்கு மாதம் 10 பைசா வட்டி என்றால் காதுக்குச் சின்னதாய்த்தான் இருக்கும். 20,000 ரூபாய் வாங்கினவன் மாதம் 2,000 கட்டுகிறான். வருஷத்தில் 24,000 கட்டியும் முதலில் ஒரு காசு குறையவில்லை. தண்டல் இன்னும் தந்திரமானது. 10,000 என்று எழுதிக்கொண்டு, முன்னதாகவே 1,500 பிடித்துக்கொண்டு, 8,500 ரூபாயைக் கையில் தருவார்கள். நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்டவேண்டும். போனது 1,500 தானே என்று தோன்றும். ஆனால் மறுநாளிலிருந்தே பணம் திரும்பிப் போகிறபடியால், நூறு நாளிலும் சராசரியாக உங்கள் கையில் நின்றது வாங்கினதில் ஏறக்குறையப் பாதிதான். ஆண்டுக் கணக்கில் அந்த வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டுகிறது.

எந்தக் கடனை முதலில் அடைப்பது? சத்தம் போடுகிறவனுடையதை என்று சொல்லாதீர்கள். எல்லாவற்றிலும் வட்டி அதிகமானதை முதலில் அடையுங்கள். மற்றவற்றுக்குத் தவணை தவறாமல் கொடுத்துவிட்டு, மீதப்படுத்தினதையெல்லாம் அதன்மேல் போடுங்கள். அது ஒழிந்ததும் அதற்குக் கட்டிவந்த தொகையை அடுத்ததன்மேல் சேர்த்துக் கட்டுங்கள். பெட்டியில் நகை சும்மா கிடக்குமானால், கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ குறைந்த வட்டிக்கு வைத்து, கந்துவட்டியை ஒரேயடியாய்த் தீர்த்துவிடலாம். நகையை அடகு வைத்து வாங்கின பணம் வேறெந்தச் செலவுக்கும் போகக்கூடாது. மீட்க வழியில்லையென்று நிச்சயமாய்த் தெரிந்தால் விற்றுவிடுவதே மேல். தாய் கொடுத்த சங்கிலி என்று அழுதுகொண்டே அதன் விலையைப்போல் இருமடங்கு வட்டி கட்டினவர்கள் உண்டு.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் தகப்பனார் கட்டுமரக்காரர். மூத்த அக்காளின் கலியாணத்துக்காக என் தாயாரின் அட்டியலை ஒரு கடையில் அடகு வைத்தார். ஆறு வருஷம் வட்டி கட்டினோம். ஏழாம் வருஷம் மழைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாமல் வட்டி நின்றது; நகை மூழ்கிப்போயிற்று. கலியாணத்துக்கு வந்து சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது. என் தாயார் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. அதற்குப்பின் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை அளந்து தனியே ஒரு பானையில் போட்டுவைப்பார்கள். வாரக் கடைசியில் விற்றுக் காசாக்குவார்கள். நான் குருமடத்துக்குப் போனபோது எடுத்துக்கொண்டு போன இரும்புப் பெட்டி அந்தப் பிடி அரிசியில் வாங்கினது.

கடன் முழுதும் தீர்ந்தபிறகுதான் சேமிப்பது என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. கடனை அடைக்கும் காலத்திலேயே சிறு தொகை ஒன்றைத் தனியே வைத்தாலன்றி, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் மறுபடியும் தண்டல்காரர் வாசலுக்குத்தான் போவீர்கள். தபால் நிலையத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடர் வைப்புக் கணக்குத் தொடங்கலாம். தபால் ஆபீசு சேமிப்பு நம் தேசத்தில் 1882-ம் வருஷத்திலிருந்து நடந்து வருகிறது. சீட்டுப் போடுகிறவர்கள் பதிவு செய்த சீட்டா என்று விசாரித்துப் போடுங்கள். தெரிந்தவர், நம் சனம், கோயிலுக்கு வருகிறவர் என்பதெல்லாம் பதிவுக்கு ஈடாகாது.

ஒருவர் இருவராய் முடியாதது பலர் சேர்ந்தால் முடிகிறது. இத்தாலியில் பெருஜியா நகரில் 1462-ம் வருஷம், அர்ச். பிரான்சிஸ்கு சபைக் குருக்களின் முயற்சியால், ஏழைகள் பொருளை ஈடுவைத்துச் சொற்பச் செலவோடு பணம் பெறும்படி ஒரு தர்ம நிதி ஏற்பட்டது. அதைப்போன்ற நிதிகளைப் பத்தாம் சிங்கராயர் பாப்பானவர் 1515-ல் லாத்தரன் பொதுச்சங்கத்தின்போது அங்கீகரித்தார். கனடா தேசத்தில் அல்போன்ஸ் தெஜார்தென் என்ற கத்தோலிக்கர் பாராளுமன்ற விவாதங்களைச் சுருக்கெழுத்தில் எடுப்பவராயிருந்தார். 150 டாலர் கடனுக்கு ஒருவன் 5,000 டாலர் வட்டி கட்ட நேர்ந்த வழக்கை 1897-ல் சபையில் கேட்டு மனம் கலங்கி, 1900-ம் வருஷம் டிசம்பரில் லெவி என்ற ஊரில் மக்கள் சேமிப்புச் சங்கம் ஒன்றை அமைத்தார். மறு மாதம் முதல் நாள் வசூல் 26 டாலர் 40 காசு. முதலில் வந்து விழுந்தது 10 காசு!

நமக்கு இன்னும் அருகில், திருவனந்தபுரம் கடற்கரையில் மரியநாடு என்ற மீனவர் குடியிருப்பைப் பாருங்கள். நம்மைப்போலவே அவர்களும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டு, அவன் சொன்ன விலைக்கே மீனைக் கொடுக்கவேண்டியவர்களாயிருந்தார்கள். அவர்கள் சங்கம் கூடி, மீனைத் தாங்களே ஏலம் விட்டார்கள். விற்ற பணத்தில் அன்றன்றைக்கே ஒரு பங்கு கடனுக்கும் ஒரு பங்கு சேமிப்புக்கும் பிடித்துக்கொண்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொடுத்தார்கள். மீன் அதிகம் பட்ட நாளில் அதிகமும், படாத நாளில் ஒன்றுமில்லாமலும் பிடிபடுகிறபடியால் தவணை ஒருவனையும் நெரிக்கவில்லை. அப்படிப்பட்ட சங்கங்கள் 1980-ல் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து தமிழ்க் கரைக்கும் வந்தன. கடலை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு மாதத் தவணையைவிட இந்த முறையே பொருத்தமென்பது என் எண்ணம்.

வட்டிக்குக் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் கோயிலிலேயே முன்வரிசையில் முழந்தாளிடுகிற சிலர் அந்தத் தொழிலைச் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். நெஹேமியாஸ் காலத்தில் யூதர்கள் தங்கள் சொந்தச் சகோதரரின் வயலையும் வீட்டையும் ஈடாகப் பிடித்துக்கொண்டபோது, அவர் பெருங்கூட்டம் கூட்டிக் கண்டித்து, எல்லாவற்றையும் அன்றே திருப்பிக் கொடுக்கச் செய்தார். அவர்களும் கொடுத்தார்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் இவைகளைத் தடை செய்து 2003-ம் வருஷம் தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது. மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு. ஆனால் நான் பேசுவது ஏழாம் கற்பனையைப் பற்றி. அநியாய வட்டியில் ஒரு பங்கை உண்டியலில் போடுவதால் அது நியாயமாகிவிடாது. அந்தப் பணத்தில் வரும் மெழுகுவர்த்தி இந்தப் பீடத்துக்கு வேண்டாம்.

பிறரைக் குற்றஞ்சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடுவது நியாயமல்ல. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கேட்கும்போது, கொடுக்க முடியாதவன் கடன் வாங்கிக் கொடுக்கிறான். வாணவேடிக்கைக்கும் மின்விளக்குக்கும் அவன் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறான். புதுநன்மை வாங்கும் பிள்ளைக்கு ஊர் கூட்டி விருந்து வைக்காவிட்டால் கௌரவக் குறைவென்று நாம்தான் பழக்கிவிட்டோம். இவ்வருஷம் வரியைக் குறைப்பது பற்றிப் பங்குப் பேரவையில் பேசியாயிற்று; கடனிலிருக்கும் வீடுகளுக்கு வரியே வேண்டாமென்பது என் அபிப்பிராயம். சிலருக்கு வருத்தந்தான். மாதாவுக்கு இராது. கானாவூர்க் கலியாண வீட்டில் இல்லாமையை முதலில் கவனித்தவர்கள் அவர்களல்லவா?

செபமாலைக்குப்பின் வந்த அந்தத் தாய்க்காகப் பூசை வைத்தேன், காணிக்கை வாங்கவில்லை. மறுநாள் மாலை அவளும் அவள் புருஷனும் ஒரு பள்ளிக்கூட நோட்டோடு வந்தார்கள். எட்டுக் கடன்கள் எழுதியிருந்தது. அதில் இரண்டை அவர் அன்றுதான் முதன்முதலாய்க் கேள்விப்பட்டார். கொஞ்சநேரம் கோபமாயிருந்தார். பிறகு தாமாகவே ஒன்பதாவது ஒன்றை எழுதினார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்குப்பின் பள்ளிக்கூடத்து மேற்கு அறையில், வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நம் பங்கு மக்கள் இருவர் உட்கார்ந்திருப்பார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து வரவேண்டும். கடன் சீட்டுகளையும் தண்டல் அட்டைகளையும் எடுத்து வாருங்கள். பெயர் எழுதமாட்டோம், கதவு சாத்தியிருக்கும்.