யாருடைய முறை?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அருப்புக்கோட்டையில் சின்ன வயதிலிருந்து நான் பத்திரிகை வாங்கிய கடைக்குப் போனேன். முன்பக்கம் குறுக்காகக் கட்டிய கயிறு அப்படியே இருக்கிறது. வார இதழ்களும் மாத இதழ்களும் க்ளிப் போட்டுத் தொங்கிய கயிறு அது. இப்போது செல்போன் கவர்களும் ஷாம்பு பாக்கெட் சரங்களும் தொங்குகின்றன. மூலையில் ராசிபலன் புத்தகம் ஒன்று வெயிலில் வெளிறிப்போய்க் கிடந்தது.

"புக்கெல்லாம் இப்ப எடுக்கிறதில்லையா அண்ணாச்சி?"

"பாதி நின்னுபோச்சு. நிக்காததை வாங்க ஆளில்ல. அதனால நானே நிப்பாட்டிட்டேன்" என்றார். பிறகு குற்றம் சொல்லும் தொனியே இல்லாமல், பேச்சுவாக்கில் கேட்டார்: "ஏன் தம்பி, நீங்க கடைசியா எப்ப வாங்குனீங்க?"

வேலைக்குச் சேர்ந்த வருடமாக இருக்கலாம். பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும். பதில் சொல்லாமல் ஒரு தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அந்தக் கேள்விக்குத்தான் இப்போது தாமதமாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கிராமம் திருச்சுழிக்குப் பக்கம். மானாவாரிக் காடு, பருத்தி, மல்லி, மீதி இடமெல்லாம் சீமைக்கருவேலம். அப்பா மாதம் ஒருமுறை அருப்புக்கோட்டைக்குப் போய்விட்டு வரும்போது அம்புலிமாமா வாங்கிவருவார். எங்கள் வீட்டிலிருந்து அது நாலைந்து வீடுகளுக்குப் போகும். திரும்பி வரும்போது அட்டை இருக்காது.

1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலிருந்து தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை அது. பிறகு பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் வந்தது. 1998-ல் தொழிலாளர் பிரச்சினையால் நின்றது. எனக்கு அப்போது பத்து வயது. அப்பா வெறுங்கையோடு வந்து, "வரலையாம்டா" என்றார். அடுத்த மாதமும் அதையேதான் சொன்னார். மறு வருடம் மீண்டும் வந்தது. அப்புறம் 2007-ல் கைமாறி, 2013 வாக்கில் ஒரேயடியாக நின்றபோது நான் பெங்களூரில் இருந்தேன். நின்றதே எனக்குத் தெரியாது. முதல் தடவை ஒரு மாதத்திலேயே தெரிந்தது. இரண்டாம் தடவை தெரிய நான்கு வருடம் ஆனது. இந்த வித்தியாசம்தான் என்னை உறுத்துகிறது.

அம்புலிமாமா என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன் படம். கையில் வாள், தோளில் பிணம். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் கதை சொல்லி, முடிவில் கேள்வி கேட்கும். பழைய வேதாளக் கதைகள் 25தான். அம்புலிமாமா அந்தச் சட்டகத்துக்குள் நூற்றுக்கணக்கில் புதிய கதைகளை எழுதிக்கொண்டே போனது. யோசித்துப் பார்த்தால் எங்களுக்கெல்லாம் அறவியல் பாடம் அங்கேதான் தொடங்கியது. யார் செய்தது சரி, யார் மேல் தப்பு என்று திண்ணையில் சண்டை போட்டிருக்கிறோம்.

பழைய 25-ல் ஒரு கதை. பருந்து ஒரு பாம்பைக் கவ்விக்கொண்டு பறக்கிறது. பாம்பின் வாயிலிருந்து விஷம் சொட்டி, கீழே ஒருவர் பிச்சையாகப் பெற்ற சோற்றில் விழுகிறது. தெரியாமல் சாப்பிட்டவர் செத்துப்போகிறார். கொன்றது யார்? பருந்தா, பாம்பா, சோறு போட்டவளா? மன்னன் சொல்கிறான்: யாருமில்லை. பருந்து இரையைத் தூக்கியது. பாம்பு சாகும் நிலையில் இருந்தது. அவள் பசித்தவருக்குச் சோறு போட்டாள். யோசிக்காமல் இவர்களில் ஒருவர்மேல் பழி போடுகிறவன்தான் பாவி.

பத்திரிகைகளின் சாவும் இப்படித்தான் இருக்கிறது. 1941-ல் தொடங்கிய கல்கி 2020 ஊரடங்கில் அச்சை நிறுத்தியது. குழந்தைகளுக்காக 1972-ல் அதே நிறுவனம் தொடங்கிய கோகுலமும் அச்சில் நின்றது. கடைகள் பூட்டியிருந்தன, விளம்பரம் இல்லை. நஷ்டத்தில் எத்தனை நாள் அச்சடிப்பது? கடைக்காரர் விற்காததைத் தொங்கவிட்டு என்ன செய்வார்? வாசகன் கையிலோ போன் இருக்கிறது. எல்லார் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் சோறு சாப்பிட்டவர் செத்துவிட்டார்.

சரி, பத்திரிகை செத்ததால் வாசகனுக்கு என்னதான் நஷ்டம்? "உள்ளடக்கம்" எங்கேயும் போகவில்லை. பழைய அம்புலிமாமாக்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். இணையத்தில் முன்னைவிட அதிகம் எழுதுகிறார்கள். திருச்சுழியில் இருக்கும் பையன் அப்பாவின் அருப்புக்கோட்டைப் பயணத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. பத்திரிகையின் வாசல் குறுகலானது. உள்ளே யாரை விடலாம் என்று நாலு பேர் தீர்மானித்தார்கள். அந்த நாலு பேரும் பெரும்பாலும் ஒரே மாதிரியான வீடுகளிலிருந்து வந்தவர்கள். அந்த வாசல் உடைந்ததில் எனக்கு வருத்தமில்லை. அது உடையாமல் இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆனாலும் ஒரு நஷ்டம் இருக்கிறது. அது எனக்குப் புரிந்தது என் வேலையிலிருந்து. ஒரு செயலியில் எதை மேலே காட்டுவது, எதைக் கீழே தள்ளுவது என்று தீர்மானிக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். அங்கே ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளப்போம். எத்தனை பேர் தொட்டார்கள், எத்தனை நொடி நின்றார்கள். யாரும் தொடாதது கீழே போகும். கீழே போனதை அப்புறம் யாரும் தொடப்போவதில்லை. பத்திரிகையில் எந்தப் பக்கத்தையும் அப்படித் தனியாக அளக்க முடியாது. எங்கள் வீட்டில் அம்மா வார இதழை வாங்கியது தொடர்கதைக்காக. அண்ணன் புரட்டியது ஜோக்குக்காக. எங்கள் பக்கத்து மல்லாங்கிணற்றுக்காரரான எஸ்.ராமகிருஷ்ணனின் துணையெழுத்தை விகடனில் வாராவாரம் படித்தது நான். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே காசு. ஜோக்குக்குக் கொடுத்த காசில் கவிதையும் பிழைத்தது. ஒருவருமே படிக்காத பக்கம்கூடப் பத்து வருடம் கழித்து யாரோ படிப்பதற்காக அச்சாகிக் கிடந்தது.

கரிசல்காட்டில் இருப்பவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். பத்திரிகை என்பது கண்மாய். ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற கொஞ்ச மழையையும் வரத்துக்கால் வழியாகப் பிடித்து வைத்தால், மடை திறக்கும்போது பெரிய சம்சாரிக்கும் பாயும், கடைமடைக்காரனுக்கும் கொஞ்சம் போகும். இப்போது அவரவர் காட்டில் அவரவர் போர் போட்டுக்கொள்கிறார்கள். அதில் தப்பே இல்லை. எனக்கு வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு தண்ணீர், யாரையும் கெஞ்ச வேண்டாம். ஆனால் போர் வந்தபின் கண்மாயை யாரும் பார்ப்பதில்லை. வரத்துக்காலில் கருவேலம் முளைக்கிறது. கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் நிலத்தடியில் ஊறும் என்பது, போர் முந்நூறு அடியிலிருந்து ஐந்நூறு அடிக்குப் போகும்போதுதான் உறைக்கும். இன்று இணையத்தில் நாம் விரும்பிப் படிக்கிற மூத்தவர்கள் பலர் கணையாழி, தீபம், சுபமங்களா படித்து வளர்ந்தவர்கள். நாம் இப்போது இறைத்துக்கொண்டிருப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

எல்லாப் பத்திரிகையும் என்றைக்கும் வர வேண்டும் என்று சொல்ல வரவில்லை. சி.சு.செல்லப்பா 1959-ல் எழுத்து தொடங்கியபோதே 2000 பிரதிக்குமேல் அச்சடிக்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார். 1970 வரை 119 இதழ்கள். நின்றது, ஆனால் தமிழ்ப் புதுக்கவிதைக்கு ஓர் இடத்தை உண்டாக்கிவிட்டு நின்றது. யாழ்ப்பாணத்தில் சலூன் தொழிலாளியான டொமினிக் ஜீவா 1966-ல் தொடங்கிய மல்லிகை, போரையும் இடப்பெயர்வையும் தாண்டி 400 இதழ்களுக்குமேல் வந்து 2012-ல் நின்றது. எங்கள் மாவட்டத்து நதிக்குடியில் பிறந்த நா.பார்த்தசாரதி 1965-ல் தொடங்கிய தீபம், 1987 கடைசியில் அவர் மறைந்தபின் அதிக நாள் நீடிக்கவில்லை. கோமல் சுவாமிநாதன் 1995-ல் போனார், சுபமங்களாவும் போனது. இவற்றைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். ஊரே தூர்வார வேண்டிய கண்மாயை ஒற்றை ஆள் மண்வெட்டியோடு வாரிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் விழுந்ததும் வேலை நின்றுவிட்டது.

முன்னே குடிமராமத்து என்று ஒரு வழக்கம் இருந்தது. கண்மாய் வேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் முறை வைத்துப் போக வேண்டும். உன் காட்டுக்கு இந்த வருடம் தண்ணீர் பாய்ந்ததா, உனக்குத் தேவைப்பட்டதா என்றெல்லாம் கேட்க மாட்டார்கள். முறை வந்தால் போக வேண்டும், அவ்வளவுதான். போகாதவன் குற்றவாளி இல்லை. அவனால் கண்மாய் உடைந்தது என்றும் சொல்ல முடியாது. ஆனால் அவன் முறை தவறியவன்.

மன்னனின் பதில் சரியானதுதான். ஆனால் பாதிப் பதில் என்று இப்போது நினைக்கிறேன். கொன்றது யார் என்று கேட்டால் யாருமில்லை. காப்பாற்றுவது யாருடைய முறை என்று வேதாளம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மன்னன் திணறியிருப்பான். பத்திரிகையை நான் காசு கொடுத்து வாங்கும் சரக்கு என்று நினைத்திருந்தேன். பிடித்தால் வாங்குவேன், பிடிக்காவிட்டால் விடுவேன். அந்தக் காசில் ஒரு பகுதி மண்வெட்டிக் கூலி என்பது எனக்குத் தெரியவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் என் முறை வந்து வந்து போயிருக்கிறது.

சித்திரையில் மறுபடி ஊருக்குப் போனபோது கடைக்குப் போய், நிற்காமல் வந்துகொண்டிருக்கும் ஒரு சிற்றிதழின் பெயரைச் சொன்னேன். "மாசாமாசம் எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க அண்ணாச்சி. நான் வர்ற வரைக்கும் எதிர்த்த சலூன்ல கிடக்கட்டும்."

அண்ணாச்சி சிரித்தார். "ஒருத்தருக்காக எப்படித் தம்பி வரவழைக்கிறது? அஞ்சு பேராச்சும் வேணும்ல."

இன்னும் நாலு பேர் வேண்டும்.