கரண்ட் போனால் கூடவே போகிறவை

பர்மாவின் யாங்கோனை இங்குள்ள தமிழர்கள் இன்றும் ரங்கூன் என்றே சொல்கிறார்கள். நகரின் மையத்தில், அனோரத்தா சாலையையும் ஸ்ரீகாளியம்மன் கோயிலையும் சுற்றியுள்ள தெருக்களில், ஆறு முதல் எட்டு மாடி வரையுள்ள பழைய குடியிருப்புகளே அதிகம். பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது. படிக்கட்டு செங்குத்தானது, எதிரே ஒருவர் வந்தால் மற்றவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஏறி இறங்கும் சிரமத்துக்காகவே மேல்மாடிக்காரர்கள் பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கவிட்டிருப்பார்கள். நுனியில் ஒரு கிளிப், சில வீடுகளில் ஒரு மணி. பேப்பர்காரர் பேப்பரை மாட்டிக் கயிற்றை இழுப்பார். மணி அடித்ததும் மேலே இழுத்துக்கொள்வார்கள்.

அப்படி ஒரு வீட்டில் கரண்ட் போனால் விளக்கோடு விஷயம் முடிவதில்லை. கீழ்த்தொட்டியிலிருந்து மேலே தண்ணீர் ஏற்றும் மோட்டார் நிற்கிறது. சேர்த்து வைத்த தண்ணீர் தீர்ந்ததும் குழாய் காற்றை ஊதுகிறது. வைஃபை அந்த நிமிடமே போய்விடும். செல்போன் கோபுரத்தின் பேட்டரி இறங்கினால் சிக்னலும் தேயும். சிக்னல் இல்லையென்றால் கேபிஇசட் பே, வேவ் பே போன்ற பணச் செயலிகள் எதுவும் திறக்காது; ரொக்கம் வைத்திராதவரிடம் அப்போது பணமே இல்லை. மின்சார அடுப்பை நம்பியவருக்கு அன்று சோறும் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக இவை விழும் வரிசையைப் புரிந்துகொண்ட பிறகுதான் இந்த ஊருக்கான அவசரப் பையில் என்ன வைப்பது என்று யோசிக்க வேண்டும். 

மின்வெட்டு இங்கே பழைய கதைதான் என்றாலும், 2022 முதல் அது முறைவைத்து வரத் தொடங்கியது. நான்கு மணி நேரம் இருக்கும், நான்கு மணி நேரம் இருக்காது என்ற கணக்கு; அந்தக் கணக்கும் பல நாள் பொய்த்தது. நள்ளிரவில் கரண்ட் வந்தால் வீட்டில் ஒருவர் எழுந்து மோட்டார் போடுவதும், உலை வைப்பதும், போன்களைச் சார்ஜில் போடுவதும் சாதாரணமாகிவிட்டன. ஆகவே நான் சொல்ல வருவது இதுதான்: பையை நிலநடுக்கத்திலிருந்தோ புயலிலிருந்தோ தொடங்காதீர்கள், அந்த நான்கு மணி நேரத்திலிருந்து தொடங்குங்கள். அலமாரி மேல் ஏறிவிட்ட பை இந்த ஊரின் ஈரத்தில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. அன்றாடம் கை படுகிற பையில் எது தீர்ந்தது, எது கெட்டது என்பது தெரிந்துகொண்டே இருக்கும்.

பெரிய நாட்கள் இங்கே வராமல் இல்லை. 2008 மே 2ஆம் தேதி இரவு நர்கீஸ் புயல் ஐராவதி டெல்டாவில் கரையேறி, விடிவதற்குள் யாங்கோனையும் புரட்டிப்போட்டது. இறந்தவர்களும் காணாமற் போனவர்களுமாக 1,38,000 பேர், பெரும்பாலோர் டெல்டாக்காரர்கள். நகரத்தில் தலைமுறை தலைமுறையாக நின்ற மரங்கள் சாலைகளில் விழுந்து கம்பிகளை அறுத்தன. பல பகுதிகளுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. மோட்டார் ஓடாததால் தண்ணீருக்கு வரிசை நின்றது. மெழுகுவர்த்தியும் பெட்ரோலும் விலை ஏறின. அதே சங்கிலிதான், நான்கு மணி நேரத்துக்குப் பதில் நாட்கணக்கில் நீண்டது.

2021 பிப்ரவரி 1 காலையில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது மரம் எதுவும் விழவில்லை. ஆனால் தொலைபேசியும் இணையமும் நின்றன, வங்கிகள் மூடின, ஏடிஎம் வாசல்களில் கூட்டம் சேர்ந்தது. மார்ச் நடுவில் மொபைல் டேட்டாவும் நிறுத்தப்பட்டது. இந்த முறை சங்கிலி நடுவில் அறுந்தது: கரண்ட் இருந்தது, செய்தியும் பணமும் இல்லை.

நிலநடுக்கத்தின் நினைவு யாங்கோனுக்குக் கொஞ்சம் பழையது. 1930 மே 5 அன்று பகோ நகரை இடித்த நடுக்கத்தில் அங்கே 500 பேர் அளவிலும், ரங்கூனில் 50 பேர் அளவிலும் இறந்தார்கள். பகோவின் ஷ்வேமோடோ பகோடா சரிந்தது அப்போதுதான். அந்த நடுக்கத்துக்குக் காரணமான சகாயிங் நிலப்பிளவுதான் 2025 மார்ச் 28 நண்பகலுக்குப் பின் 7.7 அளவில் வடக்கே அசைந்து மாண்டலே, சகாயிங் நகரங்களைத் தகர்த்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்; கடும் வெயிலில் மக்கள் நாட்கணக்கில் தெருவில் படுத்தார்கள். யாங்கோனுக்கு அன்று அதிர்வோடு போயிற்று. பிளவு நகரத்துக்குக் கிழக்கே, அதிக தூரமில்லாமல் ஓடுகிறது என்பதை ஊர் அன்று மறுபடி நினைத்துக்கொண்டது.

இனி பைக்கு வருவோம். மூன்று அடுக்காகப் பிரித்துக்கொள்வது நல்லது: உடம்போடு இருப்பது, கதவருகே தொங்குவது, வீட்டில் நிற்பது.

இந்த அடுக்குகளுக்கும் முன்னால் ஒரு சாவி. இங்குள்ள வீடுகளில் மரக்கதவுக்கு வெளியே மடக்கு இரும்புக் கதவு ஒன்று இருக்கும். இரவில் அதை இழுத்து, உள்ளேயிருந்து பூட்டுப் போட்டுக்கொண்டு படுப்பார்கள். திருடனுக்குப் பயந்து போட்ட அந்தப் பூட்டு, நெருப்புப் பிடித்த இரவில் வீட்டுக்காரர்களையே அடைத்துவிடும். அதன் சாவி எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆணியில், கதவின் கைப்பிடி உயரத்தில், சிறுவனுக்கும் எட்டும்படி மாட்டியிருக்க வேண்டும். வெளியிலிருந்து கம்பிக்குள் கைவிட்டால் எட்டாத தூரத்திலும் இருக்க வேண்டும். ஆணியைச் சுற்றி இருட்டில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை பூட்டைத் திறந்து பாருங்கள். இதற்குக் காசு செலவில்லை. ஆனாலும் வாங்க வேண்டிய சாமான்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் வைப்பேன்.

முதல் அடுக்கு, உடம்போடு இருப்பது: சாவிக்கொத்தில் கட்டைவிரல் அளவு டார்ச் ஒன்று, விசில் ஒன்று. இடிபாட்டிலோ இருண்ட படிக்கட்டிலோ சிக்கியவரின் தொண்டை சீக்கிரம் கட்டிவிடும், விசில் கட்டாது. பர்ஸில் ஒரு சீட்டு: பெயர், ரத்த வகை, அன்றாடம் சாப்பிடும் மருந்து, ஒவ்வாத மருந்து, இரண்டு உறவினர்களின் எண்கள். இதைப் பர்மிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மயங்கிக் கிடப்பவரைத் தூக்க வருகிற தொண்டர் அதைத்தான் படிப்பார். பின்பக்கம் தமிழிலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும். 191 தீயணைப்பு, 192 ஆம்புலன்ஸ், 199 போலீஸ். இவற்றுக்கும் மேலே உங்கள் வட்டாரத்துத் தர்ம ஆம்புலன்ஸ் குழுவின் எண்ணை எழுதுங்கள்; பல தெருக்களில் முதலில் வந்து சேருபவர்கள் அவர்கள்தான்.

இரண்டாவது அடுக்கு, கதவருகே தொங்கும் பை. தோளில் மாட்டுகிற சிறு பை போதும். ஆறு மாடி இறங்கும்போது இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும். அதில் பவர் பேங்க் ஒன்று. பெட்டியில் 10,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் அத்தனையும் போனுக்குப் போய்ச் சேரும் என்று எண்ணக் கூடாது. அந்த எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கு உரியது. போனுக்கு 5 வோல்ட்டாக ஏற்றிக் கொடுக்கும்போதும் சூடாகும்போதும் வீணாவது போக ஆறாயிரம் சொச்சம் தேறும். 5,000 எம்ஏஎச் போனை ஒருமுறை முழுதாக நிரப்பி மேலே கொஞ்சம் மிஞ்சும். நகரத்துக்குள் ஒரு நாளைக்கு அது போதும். பெரியது வீட்டில் இருக்கட்டும். வயிறு உப்பிய பவர் பேங்கை மட்டும் ஒரு நாள்கூட வைத்திருக்காதீர்கள்.

வெளிச்சத்துக்கு நெற்றியில் கட்டும் டார்ச்தான் நல்லது. ஒரு கையில் குழந்தையும் மறு கையில் கைப்பிடிச் சுவருமாக இறங்குபவரால் போனைத் தூக்கிப் பிடிக்க முடியாது. மெழுகுவர்த்தி வேண்டாம் என்பேன். மூங்கில் தட்டியும் ஓலைக் கூரையும் நிறைந்திருந்த காலத்திலிருந்தே பர்மாவில் நெருப்புக்குப் பயந்து வாழ்ந்தவர்கள் அதிகம். கூரையைப் பிய்க்கக் கொக்கிக் கழி, பொறியை அடித்து அணைக்க மட்டை, மணல், தண்ணீர் என்று வீட்டு முன்னால் வைக்கச் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கொசுவலைக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டுத் தூங்கிப்போவது அந்தப் பழைய எச்சரிக்கையை மறப்பதாகும்.

ஒரு லிட்டர் தண்ணீர், இரண்டு மூன்று ஓ.ஆர்.எஸ். பாக்கெட், பாராசிட்டமால், தினசரி மருந்து ஒரு வாரத்துக்கு. ஓ.ஆர்.எஸ். பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு போட்டதும், அடுத்த மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாகவே பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். ரங்கூனில் ‘ஜோதி’ பத்திரிகை நடத்திய வெ. சாமிநாத சர்மா தன் மனைவியோடு அப்படி வந்ததைப் பிறகு புத்தகமாகவே எழுதினார். சுமந்து வந்த மூட்டைகளை வழியில் ஒவ்வொன்றாகக் கைவிட்டார்கள். காலரா பலரைக் கொண்டுபோனது. கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்து கொடுத்தாலே அவர்களில் பலர் பிழைத்திருப்பார்கள் என்பதை உலகம் கற்றுக்கொள்ள இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகாலநாபிஸ் அதைச் செய்துகாட்டினார். பாக்கெட் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாராசிட்டமால் என்று குறிப்பிட்டுச் சொல்வதற்கும் காரணம் உண்டு. மழைக்காலம் யாங்கோனில் டெங்குவின் காலம். எந்தக் காய்ச்சல் என்று தெரியாதபோது கொடுக்கும் ஆஸ்பிரினும் இபுப்ரூஃபனும், அது டெங்குவானால் ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துக் கொட்டி வைக்காதீர்கள்; இந்த ஈரத்துக்குச் சீக்கிரம் கெட்டுவிடும்.

அடுத்தது ஒரு பழைய கைலி. இதை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பர்மாவில் எல்லோர் வீட்டிலும் இருப்பது. வட்டமாகத் தைத்த துணி என்பதே அதன் பலம். நீளவாட்டில் மடித்துக் கழுத்தில் மாட்டி, தேவையான உயரத்தில் ஒரு முடிச்சுப் போட்டால் முறிந்த கையைத் தாங்கும் தொட்டில் ஆகிவிடும். இரண்டு மூங்கிலை இரண்டு கைலிகளுக்குள் நுழைத்தால் ஸ்ட்ரெச்சர். ஆனால் நம் படிக்கட்டுத் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. நடக்க முடியாத பெரியவரைக் கைப்பிடியில்லாத உறுதியான நாற்காலியில் உட்கார வைத்து, மார்புக்குக் குறுக்கே கைலியால் நாற்காலியின் முதுகோடு கட்டி, ஒருவர் பின்னால் முதுகையும் மற்றவர் முன்னால் கால்களையும் பிடித்து இறக்க வேண்டும். பெரியவரின் முகம் படி இறங்கும் திசையைப் பார்த்திருக்க வேண்டும்.

ரொக்கம் சில்லறை நோட்டாக இருக்கட்டும். 500, 1,000 கியாட். எல்லோரிடமும் பெரிய நோட்டு மட்டுமே இருக்கும் நாளில் தண்ணீர் விற்பவரால் பாக்கி தர முடியாது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஈடு எதுவுமின்றி ஒரே அறிவிப்பில் செல்லாமற் போன ஊர் இது. ஆகவே சேமிப்பை இந்தப் பையில் வைக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் செலவுக்குப் போதும்.

காகிதங்கள் பிளாஸ்டிக் உறையில்: அடையாள அட்டையின் நகல், குடும்பப் பட்டியலின் நகல். 1982 குடியுரிமைச் சட்டம் மக்களை மூன்று வகையாகப் பிரித்த பிறகு, இந்திய வம்சாவளியினருக்கு ஒரு அட்டையைத் தொலைப்பது சாதாரணத் தொல்லையாக இருப்பதில்லை. இரவில் வேறொருவர் வீட்டில் தங்கினால் வார்டில் பதிய வேண்டும் என்ற விதியும் 2021 பிப்ரவரியில் திரும்ப வந்துவிட்டது. கட்டடம் விரிசல் விட்டு, உறவினர் வீட்டில் படுக்க நேர்ந்தாலும் முதலில் கேட்கப்படுவது அட்டைதான்.

காட்டுப் பயணத்தை மனத்தில் வைத்து எழுதிய வெளிநாட்டுப் பட்டியல்களில் பெரிய கத்தி இருக்கும். சோதனைச் சாவடி உள்ள நகரத்தில் அது உங்களைக் காப்பாற்றாது, மாட்டிவிடும். முனை மழுங்கிய சிறு கத்தரிக்கோல் போதும். மழைக்கோட்டு ஒன்றும், பின்பட்டை உள்ள செருப்பும் இருக்கட்டும். பெருமழையும் ஆற்றின் ஏற்றமும் ஒன்றாக வரும் நாளில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அதன் அடியில் மூடி இல்லாத சாக்கடை இருக்கலாம், அறுந்த கம்பியும் கிடக்கலாம். தண்ணீர் வடியும்வரை மேலே இருப்பதுதான் சரி. அந்த நேரத்துக்குத்தான் பால்கனிக் கயிறு: மருந்தும் ரொட்டியும் அதில் ஏறி வரும்.

மூன்றாவது அடுக்கைச் சுருக்கமாகச் சொல்லலாம். நால்வர் குடும்பம் குடிக்க மட்டும் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் ஆகும். 20 லிட்டர் கேன் ஒன்று இரண்டு நாளைத் தாண்டாது. எப்போதும் இரண்டு கேன் நிரம்பி இருக்க, மூன்றாவதிலிருந்து குடியுங்கள். அவல், பொரி, வேர்க்கடலை, வெல்லம் வைத்திருந்தால் அடுப்பு வேண்டாம். பேட்டரியில் ஓடும் சிறு ரேடியோவும் ஒன்று இருக்கட்டும்.

பையைப் பிரித்துப் பார்க்க நமக்கு நாள் குறித்தே இருக்கிறது. சித்திரைப் பிறப்பும் பர்மியரின் தண்ணீர்த் திருவிழாவான தின்ஜானும் ஏப்ரல் நடுவில் சேர்ந்தே வருகின்றன. கடைகள் நாட்கணக்கில் மூடும் முன் வாங்கிவைக்க அதுவே கடைசிச் சமயம்; மே மாதம் மழையும் புயலும் தொடங்கும் முன் சரிபார்க்கவும் அதுவே சமயம். மழை ஓய்ந்ததும் தீபாவளி. அன்று பூஞ்சணம் பிடித்தது, காலாவதியானது, சார்ஜ் இறங்கியது எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, பர்ஸில் உள்ள சீட்டின் எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பாருங்கள். எண்ணை மாற்றிக்கொண்ட மச்சானும், ஊரைவிட்டே போய்விட்ட பக்கத்து வீட்டுக்காரரும் அப்போதுதான் தெரியவருவார்கள்.