பெயரை இரவல் கொடுக்கலாமா?

புக்கிட் பெருந்துங் கடைகளில் மஃரிபுக்குப் பின் நம்மவர் கூடும்போது அடிக்கடி எழும் கேள்வி இது. ஊரிலிருந்து ஒரு கம்பெனியின் வேலைப் பர்மிட்டில் வந்த தம்பி, ஓய்வு நேரத்தில் வெளியாருக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறார். "நானா, பில்லை உங்கள் கடைப் பெயரில் போட்டுக்கொள்கிறேன். பணம் உங்கள் பாங்கியில் விழட்டும், பிறகு கொடுங்கள்" என்கிறார். மறுக்க மனம் வருவதில்லை. நம் பாட்டனார்களும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் கடைப் பலகையில் படுத்தெழுந்தவர்கள்தாமே!

ஆயினும் பர்மிட் ஒரு முதலாளிக்கு, ஒரு வேலைக்கு என்று கொடுக்கப்படுவது. தனியாள் வியாபாரப் பதிவோ குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. ஆண்டுக்கு 60 வெள்ளி கட்டி நாம் வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கும் அந்தத் தாள், இரவல் கொடுப்பதற்கு ஏற்பட்டதன்று.

உதவிதானே என்பர் சிலர். அவர் சம்பாதித்த 1,000 வெள்ளியை நாம் என்ன செய்வது? நம் வருமானமென்று வரி இலாகாவுக்குக் காட்டினால் பொய், காட்டாவிட்டால் ஒளிப்பு. 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி கணக்கை ஏழு ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். வரிக்கென்று நூறு வெள்ளி பிடித்துக்கொள்கிறோமே, அது வரியா, பெயருக்கு வாடகையா? பிடிப்பவருக்கே பல சமயம் தெரியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் மௌத்து. நாம் திடீரென்று கண்மூடினால், பாங்கியில் கிடக்கும் அவருடைய பணமும் நம் சொத்தாகப் பாகப்பிரிவினைக்குப் போய்விடும். அவர் எந்தத் தாளைக் காட்டிக் கேட்பார்? கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் பணிக்கிறது. குர்ஆனிலேயே நீண்ட வசனம் அதுதான். இங்கோ, எழுதினால் சட்டமீறலுக்கு நாமே சாட்சி. எழுதாவிட்டால் அமானிதத்துக்குச் சாட்சியே இல்லை. எழுத முடியாத ஒப்பந்தத்தை உதவியென்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

நேர்வழி குறுகலானது என்பதை ஒப்புக்கொள்கிறோம். கணினித் தொழிலில் வெளிநாட்டாருக்கு வேலை செய்வோர் இங்கு வந்து தங்குவதற்கு 2022-இல் 'டி ரந்தாவ்' என்ற பாஸ் வந்தது. அதற்கு ஆண்டு வருமானம் 24,000 அமெரிக்க டாலர் காட்ட வேண்டும். நம் தம்பிக்கு அது எட்டாது. 2016-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி அந்நியரும் பங்கு வாங்கலாம். ஆனால் பங்கு பெற்றதாலேயே வேலை செய்யும் அனுமதி கிடைத்துவிடாது.

இவற்றையெல்லாம் அவரிடம் சொன்னோம். "வீட்டுக்கு அனுப்புவது குறைந்துபோகுமே, நானா" என்றார். அதற்கு நம்மிடம் பதிலில்லை. முதலில் உங்கள் முதலாளியிடமே கூடுதல் வேலையும் ஊதியமும் கேட்டுப் பாருங்கள், வேண்டுமானால் நாமும் கூட வந்து பேசுகிறோம் என்றோம். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் போவதாக இருக்கிறோம்.