முதலில் கொஞ்சம் இறுக்கு

நவம்பர், ஞாயிறு

வெளியில் இருப்பதைவிட ஷெட்டுக்குள் குளிர் ஒரு படி கூடுதல். கம்பளித் தொப்பியோடு முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். உண்மையாகவே சக்கரத்தின் மேல். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரில் பானட்டும் இரண்டு பக்க மட்கார்டும் ஒரே துண்டு. மொத்தமும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறந்துவிடும். அப்புறம் இன்ஜினுக்கும் ஆளுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. டயர்தான் முக்காலி. அரைமணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் வேலையில்தான் சேர்க்கிறேன்.

இதே கோவென்ட்ரியில், கேன்லி தொழிற்சாலையில் 1973-ல் பிறந்த வண்டி. 1296 சிசி, இரட்டை எஸ்யூ கார்பரேட்டர். தொழிற்சாலை இருந்த பக்கம் இப்போது போனால் அலுவலகங்களும் கடைகளும்தான். ஒரு தெருவுக்கு மட்டும் ஹெரால்ட் அவென்யூ என்று பெயர்.

ஹெரால்ட் என்றால் எனக்கு வேறு ஊர். வண்டலூர். அங்கே கட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்ட் ஒன்று அப்பாவிடம் இருந்தது. ஸ்பிட்ஃபயர் அதன் சேஸிஸைக் குறுக்கிச் செய்த வண்டி. ஒருவகையில் தங்கை முறை. வாங்கிய அன்று அப்பாவுக்கு போன் செய்தேன். விலை கேட்கவில்லை, நிறம் கேட்கவில்லை.

“நம்ம வண்டி மாதிரியே முன்னாடி கவுந்து தொறக்குதா?”

“ஆமாப்பா.”

“அப்ப சரி.”

*

இந்த வண்டியில் ஏன் இத்தனை போல்ட்? ஹெரால்டுக்கு முந்தைய கதை அது. ட்ரையம்ஃப் கம்பெனிக்கு பாடி அடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை, 1953-ல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே கூடாக அடித்துத் தர ஆளில்லாமல் போயிற்று. சேஸிஸ் தனி, பாடி துண்டு துண்டாக, எல்லாம் போல்ட் போட்டுப் பூட்டு என்று பழைய வழிக்கே திரும்பினார்கள். வேறு வழியில்லாமல் செய்தது. அதனால்தான் இன்றைக்கு ஒற்றை ஆள் ஒரு ஸ்பானர் பெட்டியை வைத்துக்கொண்டு இதைப் பிரித்துப் போட முடிகிறது.

ஸ்பிட்ஃபயரே மயிரிழையில் பிழைத்ததுதான். இத்தாலியின் மிக்கெலாட்டி வரைந்த மாதிரி வண்டியை, பண நெருக்கடியில், மூலையில் துணி போர்த்திப் போட்டுவைத்திருந்தார்கள். 1961-ல் லேலண்ட் வந்து கம்பெனியை வாங்கிய பிறகுதான் அந்தத் துணியை விலக்கிப் பார்த்தார்கள். 1962-ல் வண்டி விற்பனைக்கு வந்துவிட்டது.

*

டிசம்பர்

ஒரே ஒரு போல்ட். நாள் முழுக்க.

துரு இரும்பைத் தின்பதோடு விடுவதில்லை, தின்ற இரும்பைவிடக் கூடுதலான இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. மரைக்குள் அந்த இடம் ஏது? அதனால்தான் நட்டு இறுகிவிடுகிறது. இங்கே குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள். ஐம்பது குளிர்கால உப்பு.

அரை இஞ்ச் தலையுள்ள போல்ட்டுக்கு அரை இஞ்ச் ஸ்பானரே வேண்டும். 12.7 மில்லிமீட்டர். அவசரத்துக்கு 13-ஐ மாட்டினால் அந்த 0.3-க்குள் ஆறு முனையும் மழுங்கி, போல்ட் தலை உருண்டையாகிவிடும். ஒன்றை அப்படிக் கெடுத்திருக்கிறேன், எழுதி வைக்கிறேன்.

சூடு காட்டினேன். மெழுகுவர்த்தியை மரை ஓரத்தில் வைத்தேன். உருகி உள்ளே இழுத்துக்கொண்டது. ஆறவிட்டேன். மறுபடி சூடு. சிறுவயதில் ஹெரால்டுக்கு வேலை பார்க்க வரும் மெக்கானிக் அண்ணன் மண்ணெண்ணெய்த் தட்டை என் கையில் கொடுத்து நிற்கவைப்பார். ஒருநாள் ஸ்பானரையும் கொடுத்தார். நான் கழற்றும் பக்கமாகத் தம் கட்டி இழுத்தேன். “தம்பி, மொதல்ல கொஞ்சம் டைட் பண்ணு. அது அசையட்டும். அப்பறமா லூஸ் பண்ணு.”

சாயங்காலம் அப்படித்தான் செய்தேன். இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு. கீச்சென்றது. விடுபடப் போகும் போல்ட்டுக்கும் முறியப் போகும் போல்ட்டுக்கும் வித்தியாசம் கைக்குத்தான் தெரியும். விடுபடப் போவது காய்ந்த கதவு மாதிரி முனகும். முறியப் போவது சத்தமே இல்லாமல் மாவு போல இளகிக்கொடுக்கும். இளகினால் நிறுத்திவிட வேண்டும். நான் எப்போதும் நிறுத்துவதில்லை.

*

ஜனவரி

கதவுக்குக் கீழே ஓடும் சில்லைத் தட்டினேன். டொக் டொக் என்று இரும்பு பேசிக்கொண்டே வந்து ஓரிடத்தில் ஊமையானது. பட்டி. சுரண்டினால் கம்பிவலை, அதற்குள் வெறும் துருப்பொடி. யாரோ ஒரு முன்னாள் சொந்தக்காரர் வலையைத் திணித்து, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பெயிண்ட் அடித்திருக்கிறார். முதலில் கோபம் வந்தது. அப்புறம் அந்த வழவழப்பைத் தடவிப் பார்த்தேன். பொறுமையாகத் தேய்த்திருக்கிறார். திங்கட்கிழமை வேலைக்குப் போக அவருக்கு வண்டி வேண்டியிருந்திருக்கும்.

சில்லை அப்படியே வெட்டி எடுத்துவிட முடியாது. ஹெரால்டின் சேஸிஸில் இருந்த பக்கச் சட்டங்கள் ஸ்பிட்ஃபயரில் இல்லை. அந்தப் பாரத்தைத் தாங்குவது சில்தான். மேலே கூரையும் இல்லாத வண்டி. வெட்டினால் நடுவில் தொய்ந்துவிடும், பிறகு கதவு ஆயுளுக்கும் சேராது. அதனால் கீல் பக்கத்திலிருந்து பூட்டுப் பக்கம்வரை வாசலுக்குக் குறுக்கே ஒரு கம்பியை வெல்டிங் வைத்தாயிற்று. இனிமேல்தான் வெட்டு. இரண்டு வாரம் அந்தக் கம்பியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், வெட்டத் துணிச்சல் வராமல்.

*

மார்ச்

ஒரு பக்கம் முடிந்தது. வெல்டிங் அழகாக இல்லை. கதவு சேர்கிறது.

இன்று ட்ரனியன். முன்சக்கரம் திரும்பும்போது கீழே மரை போட்ட இரும்புத் தண்டு ஒன்று வெண்கலக் கூட்டுக்குள் சுழலும். அந்தக் கூடுதான் ட்ரனியன். இதற்கு கிரீஸ் கூடாது, கெட்டியான கியர் ஆயில்தான். கிரீஸ் நாளடைவில் காய்ந்து வழியை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் இறங்கும், மரை துருப்பிடிக்கும். ஏதோ ஒரு திருப்பத்தில் தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கி விழும். இத்தனைக்கும் எண்ணெயை ஏற்றுவது கிரீஸ் கன்னால்தான். கன்னைப் பார்த்து கிரீஸையே அடைத்தவர்கள் எத்தனை பேரோ.

கன்னில் எண்ணெய் நிரப்பி மெதுவாக அழுத்தினேன். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. சக்கரத்தை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி அழுத்தினேன். விளிம்பில் கறுப்பாக ஒரு சொட்டு கசிந்தது. பிறகு பழுப்பாக. ஊற்றிய நிறத்திலேயே வரும்வரை அழுத்திக்கொண்டிருந்தேன்.

அடுத்த பக்கம் நாளைக்கு.