பக்கத்துத் தோட்டத்துக்காரன்

ஒருவன் தன் கிணற்றுத் தண்ணீரை விற்பது தவறா? கேட்டவுடன், "இதிலென்ன தவறு?" என்றுதான் தோன்றும். பால் விற்கிறவனை நாம் குற்றம் சொல்கிறோமா? 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டமும் அவன் பக்கமே பேசுகிறது. கால்வாயாக ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ள நிலத்துக்குடையவனுக்குப் பாத்தியதை உண்டு.

திருப்பூரில் இது வெறும் தர்க்கமாக இருக்கவில்லை. 1980-களிலும் 90-களிலும் பனியன் ஏற்றுமதி பெருகியபோது சாயப் பட்டறைகளுக்குத் தண்ணீர் போதவில்லை. நொய்யலில் கழிவு கலந்து, உள்ளூர்க் கிணறுகளும் கெட்டுப் போயின. நல்ல நீரைத் தேடி லாரிகள் சுற்றுக் கிராமங்களுக்குப் புறப்பட்டன. பருத்தி தராத பணத்தைத் தண்ணீர் தந்தது. கடன்பட்டுக் கிணறு வெட்டியவன் அதை வாங்கிக்கொண்டான் என்று எனக்குக் கோபம் வரவில்லை. பட்டணத்தில் பனியனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கோபப்படுவது சுலபம்!

என் மனம் போய் நிற்பது அவனுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரனிடம். அவன் ஒரு குடம்கூட விற்கவில்லை. ஆனால் பூமிக்குள் வரப்பு ஏது? மேலே கல் நட்டு அளந்த நிலங்கள், கீழே பாறை வெடிப்புகளின் வழியே ஒன்றாகிவிடுகின்றன. லாரியில் ஏறிப் போனது அவனுடைய நீரும்தான். இனி அவன் கடன் வாங்கிப் போரை இன்னும் ஆழமாக இறக்க வேண்டும். இல்லாவிட்டால் தானும் விற்க வேண்டும். "நான் விட்டுவைத்தால் அவன் எடுத்துக்கொள்வான். பிறகு நான் எதற்காக விட்டுவைப்பது?" என்று அவன் கேட்டால், பொறுமையாக இரு என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வரவில்லை.

கொங்கு நாட்டில் பங்குக் கிணறு என்று உண்டு. பாகப் பிரிவினையில் நிலம் துண்டாகும், கிணறு துண்டாகாது. இன்ன நாள் இன்னாருக்கு என்று முறை வைத்து இறைப்பார்கள். அண்ணன் தம்பிகள் அதிலும் சண்டை போட்டுக்கொள்வார்கள். ஆனால் முறை என்று ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொண்டபின்தான் சண்டை. கண்ணுக்குத் தெரிந்த கிணற்றுக்கு இருந்த அந்த முறை, தெரியாத நீருக்கு வரவேயில்லை. தமிழ்நாட்டு நிலத்தடி நீர்ச் சட்டம் 2003-ல் பிறந்தது. நடைமுறைக்கு வராமலே 2013-ல் ரத்தாயிற்று.

பட்டறைகள் விஷயம் வேறு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை மூடச் சொன்னது. கழிவைச் சுத்திகரித்து, அந்த நீரையே திரும்பப் பயன்படுத்த வேண்டிய கட்டாயம் வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரன் வழக்குப் போடப் போனால், அவனுக்கு எதிரே முதலில் வந்து நிற்பது அந்த 1882-ஆம் வருஷத்துச் சட்டம்தான்.